விதிக்கு வெறுங்காலின் மீது ஏன் இத்தனை ஆசை?

பசுவுக்கு 'நல்ல பசு' என்று பெயரில்லை. காளைக்கு 'நல்ல காளை' என்று பெயரில்லை. பால் தரும் உயிருக்கும் பாரம் இழுக்கும் உயிருக்கும் தராத அடைமொழியைத் தமிழன் ஓர் உயிருக்குத் தந்தான். கடித்தால் கண்ணிமை கவிழ்ந்து, நாக்குழறி, நெஞ்சு ஏறி இறங்க மறுத்து, மூச்சடங்கச் செய்யும் அந்த உயிருக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் சூட்டினான். நன்மை கண்டு தந்த பட்டமா அது? அன்று. நடுக்கம் தந்த பட்டம். கொடுங்கோலன் வாயிலில் நின்று 'கருணைக் கடலே' என்று பாடிய புலவனின் நிலைதான் புற்றின் முன் நின்றவனுக்கும். இரவில் அதன் பெயரைச் சொல்லாதே, 'பூச்சி' என்று சொல் எனப் பாட்டி அதட்டுகிறாள் அல்லவா? அதுவும் அந்த நடுக்கத்தின் நீட்சியே.

ஆடி வெள்ளியன்று புற்றுக்குப் பால் வார்க்கிறோம், மஞ்சள் பூசுகிறோம், முட்டை வைக்கிறோம். மறுநாள் இரவு அதே பாம்பு அடுப்பங்கரைப் பக்கம் தலை காட்டினால், 'அடி, அடி' என்று தெருவே திரள்கிறது. நேற்று தெய்வம், இன்று எதிரி! அடித்துக் கொன்றபின் மீண்டும் பாலூற்றிக் காசு வைத்துப் புதைக்கிறோம். தொழுத கையும் அடித்த கையும் ஒரே அச்சத்தின் இரண்டு கைகள். இரண்டுக்கும் இடையே அறிவு நுழைய ஓர் அங்குல இடமும் இல்லை.

பாம்பு பால் குடித்து வாழும் உயிரன்று என்பதை இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர்களுக்கு நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எலியும் தவளையும் அதன் உணவு. புற்றைக் கட்டியதுகூட அதுவன்று, கறையான். வார்த்த பால் கறையானின் வீட்டை நனைத்து வீணாகிறது. இவற்றைச் சொல்லிச் சிரிக்க வைத்து, கைதட்டல் பெற்று, மேடையை விட்டு இறங்கிவிடலாம். பலர் அப்படித்தான் இறங்குகின்றனர். நாம் கேட்க விரும்பும் கேள்வி அந்தச் சிரிப்பு அடங்கிய பின்னர் எழுவது. பாம்பு கடித்து ஒருவர் மாண்டால், அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு?

'கடித்தது பாம்பு, பொறுப்பும் பாம்புக்கே' என்பான் ஒருவன். 'அவன் விதி அவ்வளவுதான்' என்பாள் ஒரு மூதாட்டி. இருவர் சொல்லையும் விசாரணைக்கு எடுப்போம்.

முதலில் பாம்பு. குற்றம் என்று ஒன்றைச் சொன்னால், அங்கே நோக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும். நோக்கமற்ற செயலைத் துன்பம் என்னலாம், விபத்து என்னலாம், குற்றம் என்னலாகாது. கையுமில்லாத, காலுமில்லாத ஓர் உயிர், ஓடும் எலியை நிறுத்தி உண்ண வேண்டும். அதற்கு இயற்கையில் வாய்த்த கருவி நஞ்சு. நம்மை விழுங்க அதனால் ஆகாது. ஆகவே நம்மீது செலவிடும் ஒவ்வொரு துளியும் அதற்கு நட்டக் கணக்கு. அதனால்தான் வழியிருந்தால் ஓடுகிறது. வழியில்லையேல் நாகம் படமெடுத்து மிரட்டுகிறது. கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுவதுபோல் சீறிப் பார்க்கிறது. சில வேளைகளில் கடித்தும் நஞ்சை இறக்காமல் விட்டுவிடுகிறது. இருட்டில் நாம் மிதித்தோம், அது கடித்தது. இதிலே வஞ்சம் எங்கே வந்தது?

ஆனால் நம் நாட்டிலே பாம்புகளின் மீது சுமத்தப்பட்டிருக்கும் குற்றச்சாட்டுகளைப் பாருங்கள்! அடித்தவன் முகத்தைக் கண்ணிலே படம்பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைந்து பழி தீர்க்குமாம். கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்திலேறி, பிணம் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்குமாம். அந்தக் கொம்பேறிமூக்கனுக்கு மனிதனைக் கொல்லும் நஞ்சே கிடையாது. ஓணானையும் தவளையையும் தின்று மரக்கிளையில் காலம் தள்ளும் அப்பாவி அது. பச்சைப் பாம்பு கண்ணைக் குறிவைத்துக் கொத்துமாம். அதனால் 'கண்கொத்தி' என்று பழிப்பெயர். சாரையோ, எலியைத் தின்று உழவனின் நெல்லைக் காக்கிறது. உழவனோ நாகத்தின் துணையென்று எண்ணி அதை மண்வெட்டியால் வெட்டுகிறான். சாரை போன இடத்தில் எலி பெருகும்; எலி பெருகிய இடத்தைத் தேடி நாகம் வரும். மண்ணுளிப் பாம்பின் கதை இன்னும் வேடிக்கை. அதற்கு இரண்டு தலையாம். வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்குமாம்! இலட்சக்கணக்கில் விலை பேசிப் பிடிபடும் மோசடிக் கூட்டங்களைப் பற்றி நாளேடுகளில் இன்றும் செய்தி வருகிறது. இரண்டாவது தலை பாம்புக்கல்ல, அதை வாங்குகிறவனுக்குத்தான் தேவை.

சிலந்தியின் வழக்கை நீட்ட வேண்டியதில்லை. புராணத்திலே அதற்குப் பெரும் பதவி. திருவானைக்காவில் வலை பின்னிய சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து நாடாண்டது என்று கதை. காளத்தியிலோ யானையோடும் பாம்போடும் ஊர்ப் பெயரிலேயே இடம்பிடித்துவிட்டது. வீட்டில் அதற்குக் கிடைப்பதோ விளக்குமாறு. தோலில் கொப்புளமா? எட்டுக்கால் பூச்சி கடித்திருக்கும். உடலில் தடிப்பா? எட்டுக்கால் பூச்சிதான். கண்ணால் கண்ட சாட்சி ஒருவருமில்லை; தண்டனை மட்டும் தவறுவதில்லை. வீட்டுச் சுவரில் வாழும் சிலந்திக்கு நஞ்சு உண்டு. ஈயையும் கொசுவையும் அடக்கும் அளவுக்கு உண்டு. அதற்காக நாம் உறக்கம் இழக்கத் தேவையில்லை. 2012ஆம் ஆண்டு அசாம் மாநிலத்துச் சதியா பகுதியில் சிலந்திகள் படையெடுத்து வந்து கடிக்கின்றன என்று பெரும் பீதி பரவியது. இருவர் இறந்தனர் என்றும் செய்தி வந்தது. கடிபட்டவர்கள் ஓடியது மந்திரவாதியிடம். மந்திரவாதி சவரத் தகட்டால் காயத்தைக் கீறி இரத்தம் வடித்தான். கொன்றது சிலந்தியா, தகடா? உறுதியாக நிறுவப்படவே இல்லை.

சுவரோரத்தில் உண்மையாகவே அஞ்சத் தக்கது செந்தேள். அது கொட்டினால் குழந்தைகளின் இதயம் தடுமாறும். நுரையீரலில் நீர் கோக்கும். மகாராட்டிர மாநிலத்தின் மகாட் வட்டாரத்தில், 1970களில் ஒரு சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்த இளம் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், தேள் கொட்டிய குழந்தைகள் ஒவ்வொன்றாய் மடிவதைக் கண்டார். விதி என்று கைகழுவவில்லை. படுக்கையருகே அமர்ந்து, நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மணிக்கணக்கில் குறித்தார். பிராசோசின் என்னும் இரத்த அழுத்த மாத்திரை அந்தக் குழந்தைகளைக் காக்கும் என்று கண்டார். விலை மலிந்த, வழக்கத்திலிருந்த மாத்திரைதான் அது. அதன்பின் செந்தேளுக்குப் பலியாவோர் தொகை பெரிதும் சரிந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வானத்திலிருந்து எவரும் இறங்கவில்லை, தோழர்களே! ஒரு மனிதர் உற்றுப் பார்த்தார், அவ்வளவே.

ஆக, பாம்புக்கும் சிலந்திக்கும் விடுதலை. இதைச் சொல்லும்போது, கொல்லாமை பேசும் கோமான்களின் குரலாக நம் குரலைக் கொள்ள வேண்டாம். தூங்கும் குழந்தையின் பாயருகே விரியனைக் கண்டு தடியெடுத்த கூலியாளைக் கொலைகாரன் என்று பளிங்குத் தரையில் படுப்பவர் பழிக்க உரிமையில்லை. பாம்புக்குக் குற்றமில்லை என்கிறோமே அன்றி, ஆபத்தில்லை என்கிறோமில்லை.

அடுத்துக் கூண்டிலே நிற்க வேண்டியது விதி.

விதி எல்லார் தலையிலும் எழுதப்பட்டது என்கின்றனர். நன்று. அப்படியானால் அந்த எழுத்து ஊரும் நகரும் பாராமல், உள்ளவனும் இல்லாதவனும் பாராமல் பொதுவாக விழ வேண்டுமல்லவா? கணக்கு என்ன சொல்கிறது? இந்திய நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று, வீடு வீடாகச் சாவுக்கான காரணம் கேட்டுத் திரட்டிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆண்டுக்கு 58,000 பேர்! நான்கில் ஒருவருக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள். அந்த ஆய்வு வரிசையிலேயே 2011இல் வெளியான முந்தைய கணக்கு இன்னும் கூர்மையானது. மாண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சிற்றூரில் மாண்டனர். நூற்றுக்கு எழுபத்தேழு பேர் மருத்துவமனையில் அல்லாமல் வெளியில் மாண்டனர்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! மாநகரத்து மாந்தர் தலையில் எழுத விதியிடம் மை தீர்ந்துவிட்டதா? நான்காம் மாடிக்குப் படியேற அதற்கு மூச்சு வாங்குமோ? மின்விளக்கு எரியும் தெருவில் நடக்க வெட்கமோ? காலணி கண்டால் அதற்குக் கலக்கம். கைவிளக்கு கண்டால் அதற்கு நடுக்கம். கழனி வரப்பில், வெறுங்காலில், விடியுமுன் நீர் பாய்ச்சப் போகிறவனைக் கண்டால் மட்டும் அதற்கு வீரம் வந்துவிடுகிறது!

கட்டுவிரியனை எடுத்துக்கொள்வோம். இரவில் உலவும் பாம்பு அது. குடிசைக்குள் எலியைத் தேடி நுழைகிறது. தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கை பட்டோ கால் பட்டோ கடிக்கிறது. கடித்த இடத்தில் வலி பெரிதாக இராது, வீக்கமும் இராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்கிறார். வாந்தி எடுக்கிறார். கண்ணைத் திறக்க முடியவில்லை என்கிறார். வீட்டார் ஓமத் தண்ணீர் கொடுக்கின்றனர். 'காத்துக் கருப்பு அடித்துவிட்டது' என்று பூசாரியை அழைக்கின்றனர். அதற்குள் மூச்சுத் தசை செயலற்றுப் போகிறது. பேயைத் தேடிய வீட்டில் பாம்பைத் தேடவில்லை. அதே குடிசையில் ஒரு கட்டில் இருந்திருந்தால்? ஓரத்தை நன்றாகப் பாய்க்கடியில் செருகிய ஒரு கொசுவலை இருந்திருந்தால்? நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் செய்த ஆய்வு, கொசுவலைக்குள் உறங்குவோர் பாம்புக்கடிக்குத் தப்புகின்றனர் என்று காட்டியது. மூவுலகையும் ஆள்வதாகச் சொல்லப்படும் விதிக்கு ஒரு கொசுவலைக்குள் நுழையத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். உலகிலேயே மிகக் கொடிய நஞ்சுடைய பாம்புகள் வாழும் கண்டம் அது. கொல்லும் சிலந்தியும் அங்கே உண்டு. சிட்னி நகரத்து வீட்டுத் தோட்டத்தில் வளை தோண்டி வாழும் புனல்வலைச் சிலந்தி. அதன் நஞ்சுக்கு 1981இல் முறிமருந்து வந்தது. அதன்பின் அதன் கடியால் எவரும் இறந்ததாகப் பதிவில்லை. பாம்புக்கடியாலோ ஆண்டுக்குச் சராசரி இரண்டு பேர் மாள்கின்றனர். நம் மக்கள்தொகை அவர்களுடையதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். அந்தக் கணக்கிலே பார்த்தாலும் நமக்கு நூற்றுச் சொச்சம் வர வேண்டும், வருவதோ ஐம்பத்தெட்டாயிரம்! 'அங்கே வயலில் இயந்திரம் இறங்குகிறது, இங்கே மனிதன் இறங்குகிறான். அங்கே காலில் பூட்சு, இங்கே வெறுங்கால்' என்று விளக்கம் சொல்வீர்கள். சரியான விளக்கம்தான். அந்த விளக்கத்தில் விதி என்ற சொல் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெறுங்கால் என்றோமே, அது எப்படி வந்தது? வறுமையால் வந்தது என்பது பாதி உண்மை. சேரியிலிருந்து வருகிறவன் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது, கழற்றிக் கையில் பிடித்துச் செல்ல வேண்டும் என்று இந்த மண்ணில் கட்டுப்பாடு இருந்தது. இன்றும் அப்படிச் செய்தி வரும் ஊர்கள் உண்டு. மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவன் காலில் செருப்பு இருக்கக் கூடாது! தலைமுறை தலைமுறையாய் அந்தக் காலை வெறுங்காலாக வைத்திருந்தவர்கள், அதிலே பாம்பின் பல் பதிந்ததும், 'பாவம், அவன் தலைவிதி' என்று கண்ணீர் விட்டனர். தலையில் எழுதிய எழுத்தா இது? காலில் எழுதிய சட்டம் அல்லவா?

பாம்பும் குற்றவாளியன்று, விதி என்று ஓர் ஆளும் இல்லை. மிஞ்சி நிற்பவர் யார்? நாம்தான். இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது, நேர்மையான கேள்விதான். 'நான் பாம்பை ஏவினேனா? நான் என் வீட்டில் இருந்தேன். ஒன்றும் செய்யாதவனை எப்படிக் குற்றவாளி என்பாய்?' என்று ஒருவர் கேட்கலாம்.

விடையும் எளிதன்று. நோய்க்கு மருந்தே தெரியாத காலத்தில், சாகிறவனைப் பார்த்து அழுவதைத் தவிர உறவினருக்கு வேறு கடமை இல்லை. அது இயற்கை தந்த சாவு. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாளன்று அந்தச் சாவின் இயல்பே மாறிவிடுகிறது. மருந்து இருக்கிறது, ஆனால் அவனுக்குக் கிட்டவில்லை என்றால், இடையிலே யாரோ இருக்கின்றனர். சாலை போடாதவர், குப்பி வாங்கி வைக்காதவர், இரவில் பணிக்கு வராதவர், மந்திரத்தில் மணி கழித்தவர், இவையெல்லாம் தெரிந்தும் வாய் திறவாதவர். அறிவு வளர வளரப் பொறுப்பும் வளர்கிறது. அறியாதவன் செய்யாமல் விட்டது அறியாமை. அறிந்தவன் செய்யாமல் விட்டது குற்றம். இந்தக் கணக்கின்படி படித்தவன்தான் முதலில் கூண்டேற வேண்டும்.

அந்த மருந்து வந்த வழியைச் சற்றே பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் பாம்புகளை ஆராய்ந்த பாட்ரிக் ரசல், அந்நாளில் பெயர்பெற்றிருந்த 'தஞ்சாவூர் மாத்திரை'யைச் சோதித்துப் பார்த்தார். அதன் முக்கியச் சரக்கு பாடாணம், நஞ்சுக்கு நஞ்சு! கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இந்த ரசலின் பெயரே. 1872இல் இந்தியப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட ஜோசப் ஃபேரர், வேர், கல், பச்சிலை என்று பலவற்றையும் சோதித்து, நம்பத் தக்கது ஒன்றுமில்லை என்று கைவிரித்தார். 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் வழி கண்டார். அவர் சைகோனில் பணியாற்றிய காலத்தில் மழைவெள்ளத்தால் நாகங்கள் சிற்றூருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. அந்த நிகழ்ச்சிதான் அவரை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது. முறை இன்றும் அடிப்படையில் அதுவே. குதிரையின் உடலில் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றுகின்றனர். அதன் குருதியில் எதிர்ப்பொருள் ஊறுகிறது. அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைக்கின்றனர். நம் நாட்டில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்து. பிள்ளைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. ஏனென்றால் மருந்து ஆளின் எடைக்கன்று, இறங்கிய நஞ்சுக்கு.

இந்த நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்துத் தருகிறவர் யார்? இருளர். செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், இந்திய நாட்டில் முறிமருந்து செய்யத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைத் தருகிறது. பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பைக் கொன்று வாழ்ந்த மக்கள் அவர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அந்த வணிகம் நின்றதும் பசியில் வாடினர். பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேகர் துணைநிற்க, கொன்ற கைகள் காக்கும் கைகளாயின. பாம்பைப் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, நான்கு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா வரை சென்று, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆயினும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் காத்துக்கிடக்கும் இருளர் குடும்பங்கள் இன்றும் உண்டு. பாம்பு கடித்த பண்ணையார் உடலில் ஏறும் மருந்தில், அவர் திண்ணையில் உட்கார விடாத இருளனின் கைவேலை கலந்திருக்கிறது. அந்தக் குப்பியைத் தீட்டு என்று எவரும் மறுத்ததாக நாம் கேட்டதில்லை.

'மந்திரித்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே!' என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். இருக்கிறார்கள். கடிக்கிற பாம்புகளில் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ளது கடித்தாலும் சில கடிகளில் நஞ்சு இறங்குவதில்லை. மந்திரம் போட்டாலும் போடாவிட்டாலும் பிழைக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பிழைக்க வைத்த புகழ் மந்திரவாதிக்கு. உண்மையாகவே நஞ்சேறி மாண்டவர்களின் பழி விதிக்கு! வருவாயெல்லாம் தனக்கு, நட்டமெல்லாம் அடுத்தவனுக்கு என்று கணக்கெழுதும் வணிகன் எங்கே தோற்பான்? கயிறால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும் தீங்கே தரும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 வண்டியிலோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்கு ஓடுவதே முதலுதவி. இதைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பு நேரத்தில் கற்றுக்கொள்கின்றனர். வீட்டில் சொல்லிப் பெரியவர்களிடம் வசவும் வாங்கி வருகின்றனர்.

இனி, நம் தோழர்களிடம் ஒரு சொல். புற்றுக்குப் பால் வார்க்கும் தாயைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவள் ஏன் வார்க்கிறாள்? மழைக்காலத்தில் அவள் கணவன் வரப்பில் நடக்க வேண்டும், அவள் பிள்ளை தரையில் படுக்க வேண்டும். எவரிடம் போய்க் கேட்பாள், எங்களைக் காப்பாற்று என்று? மனுக் கொடுக்க வேறு அலுவலகம் இல்லாதவள் புற்றிடம் மனுக் கொடுக்கிறாள். அந்த மனுவைக் கிழித்தெறிய நமக்குத் தெரிகிறது. அவள் நம்பிக்கையைக் கெடுக்காதே, அதுவாவது ஆறுதல் என்று சொல்லும் மென்மனத்தாரோடும் நமக்கு உடன்பாடில்லை. கட்டுவிரியன் கடித்த இரவில் அந்த ஆறுதல்தான் பூசாரி வீட்டுக்கு வழிகாட்டுகிறது. ஆனால் பூசாரி வீட்டுக்குப் போகாதே என்று சொன்னவன், எந்த வீட்டுக்குப் போவது என்றும் சொல்ல வேண்டுமா இல்லையா? பத்துக் கல் தொலைவில் உள்ள சுகாதார நிலையத்தில் மருந்து உண்டா என்று தெரியாமல் மேடையேறிப் புற்றை இடிக்கச் சொல்கிறவன், அந்தத் தாய்க்குப் பாதி வேலைகூடச் செய்தவன் அல்லன்.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் உண்மையன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது; 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2024இல் இந்திய அரசும் அதே இலக்குடன் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக ஆணையிட்டது. எண்ணப்படாத சாவுக்கு எவரும் பதில் சொல்லத் தேவையில்லை. இனி எண்ண வேண்டும். ஆணை தாளில் இருக்கிறது. தாளிலிருந்து குப்பிக்கு அது வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டியவர் யார்?

நம் ஊர்ப் படிப்பகத் தோழர்கள் இந்த ஆண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டனர். மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். முறிமருந்துக் குப்பி எத்தனை உண்டு? விரியன் நஞ்சைக் கண்டறியும் இரத்த உறைவுச் சோதனைக்கு, உலர்ந்த கண்ணாடிக் குழாய் உண்டா? இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும், பெரிய பொறி ஏதும் வேண்டாத சோதனை அது. மூச்சு நின்றால், மேல் மருத்துவமனை சேரும்வரை கையால் காற்றூட்டும் பை உண்டா? மருந்தாளுநர் முதலில், 'நீங்கள் எந்தக் கட்சி?' என்றார். பிறகு அலமாரியைத் திறந்து காட்டினார். ஆறு குப்பிகள். ஒருவருக்கு முதல் தவணைக்கே எட்டு முதல் பத்துக் குப்பி வேண்டும். கண்ணாடிக் குழாய் இருந்தது. பை, தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்தோம். மறுமாதம் சென்றபோது குப்பி இருபத்தைந்து, பையும் வந்திருந்தது.

படிப்பகத்தின் கரும்பலகையில், நாளேட்டுத் தலைப்புகளுக்குக் கீழே, அந்த எண்ணை இப்போது சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கிறோம். சென்ற வாரம், நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "ராத்திரியிலே டாக்டரு இருப்பாரா தம்பி? அதையும் எழுதிப் போடுங்க." அந்தக் கேள்வி நான்காவதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. விடை இன்னும் பலகையில் ஏறவில்லை.